பாறைக்காட்டின் வயது

கண்ணு,

போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் ‘சரிங்கப்பா, சரிங்கப்பா’ என்று என்னை ஓரங்கட்டிவிடுவாய். அதனால்தான் காகிதம். எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை இது. சொந்தக் கதை எழுத உட்கார்ந்தால் தேதியும் மழை அளவும் போட்டுவிட்டு மேலே ஓடாமல் நிற்கிறது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஆபீஸ் நோட்டு மாதிரி எழுதாதீர்கள், பெற்ற பையனுக்கு எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சரி, நேராகவே வருகிறேன். இன்னும் மூன்று வாரத்தில் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். டிசம்பரில் வந்திருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டாய், நானும் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏன் தப்பு என்று சொல்ல, நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். உன் அம்மாவுக்கே போன வாரம்தான் அது தெரியும். கேட்டுவிட்டு, தட்டில் இருந்த பூண்டை உரித்து முடித்துவிட்டு எழுந்து போனாள்.

நீ வந்தது பழம் பறிக்கிற நேரம். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொஞ்சம் காப்பியும் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டையால் பழத்தைக் கிளறிவிட்டாய். நான் சும்மா இருக்காமல், நாகலூர் கடையில் நடந்த கூத்தைச் சொன்னேன். உங்கள் பையன் என்ன வேலை செய்கிறான் என்று ஒருவர் கேட்க, நட்சத்திரம் பார்க்கிறான் என்று நான் சொல்லப்போக, மனுஷன் மறுநாளே மகள் ஜாதகத்தோடு வந்து நின்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம், இத்தனை வருஷமாக வீட்டில் யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று தெரியவில்லை, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தாய். எனக்கு ஒரு மண்ணும் புரியாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் புரிந்தது. நொம்ப நன்றாகவே புரிந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

நம் பால்வெளி மாதிரி சுருள் கை வைத்த நட்சத்திர மண்டலங்களில் இன்னும் நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கிறது, நீ பார்ப்பது அந்த வகை இல்லை என்றாய். முட்டை வடிவத்தில், கையும் காலும் இல்லாமல், மழமழவென்று கிடக்கிற நீள்வட்ட மண்டலங்கள். புதிதாக நட்சத்திரம் செய்ய அங்கே வாயு மிச்சமில்லை. இருப்பதெல்லாம் கிழடு, அதனால் சிவப்பாகத் தெரியும். கோடானுகோடி நட்சத்திரம் இருந்தாலும் நம் கண்ணுக்கும் கருவிக்கும் தனித்தனியாக ஒன்றுகூடப் பிடிபடாது, எல்லாம் கலந்த ஒரே வெளிச்சம்தான் வந்து சேரும். அந்த வெளிச்சத்தைப் பிரித்து, அதிலே விழுகிற கறுப்புக் கோடுகளைப் படித்து, இது எப்போது பிறந்தது, ஒரே மூச்சில் பிறந்ததா, விட்டு விட்டுப் பிறந்ததா என்று சொல்வதுதான் உன் பிழைப்பு. உன் அம்மா டீச்சராக இருந்தவள், கேள்வி கேட்காமல் இருக்கமாட்டாள். ஒரே மூச்சில் பிறந்தது என்று எப்படிச் சொல்வாய் என்றாள். பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரம் வெடித்துச் செத்துப்போகும், சாகும்போது மக்னீசியத்தை நிறைய விட்டுவிட்டுப் போகும். இரும்பில் பெரும்பங்கு மெதுவாக, வெகு காலம் கழித்துத்தான் வந்து சேரும். இரும்பு வந்து கலப்பதற்குள் பிறப்பெல்லாம் முடிந்துவிட்ட மண்டலத்தில் மக்னீசியம் தூக்கலாக நிற்கும் என்றாய். பெரிய நீள்வட்ட மண்டலங்களின் நடுப்பகுதி அப்படி அவசரமாகக் கட்டி முடித்தது என்றும், வெளிப்பக்கம் முழுக்கப் பின்னால் வந்து சேர்ந்த சின்னச் சின்ன மண்டலங்களின் நட்சத்திரம் என்றும் சொன்னாய். உன் அம்மா, அப்படியானால் கூட்டுக் குடும்பம் என்று சொல் என்றாள். “முழுங்கின குடும்பமுங்கம்மா” என்றாய்.

மக்னீசியம் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. காப்பி இலை மஞ்சளித்தால் நாங்கள் தெளிப்பது அதைத்தானே. பெரிய ஆள் மாதிரி குறுக்கே புகுந்து, இலை மஞ்சளாக இருந்தால் வயதாகிவிட்டது என்றும் சொல்லலாம், சத்துப் பற்றவில்லை என்றும் சொல்லலாம், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்றேன். நீ கட்டையைக் கீழே போட்டுவிட்டாய். “அதேதானுங்கப்பா! எங்க தொல்லையே அதுதான். செவப்பா தெரிஞ்சா, வயசானதால செவப்பா, இரும்பு நெறைய இருக்கறதால செவப்பான்னு பிரிக்கறது நொம்பக் கஷ்டம். உங்களுக்காவது குனிஞ்சு வேரைப் பாக்கலாம். எங்களால குனிய முடியாதுங்களே, அவ்ளோ தூரம்.” நான் சட்டென்று எழுந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டாய். வெயில் தலைக்கு ஏறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டிசம்பர் மாதத்து ஏற்காட்டில் வெயில் தலைக்கு ஏறுகிறதாம், நீயும் நம்பினாய்.

மறுநாள் மத்தியானம் நாம் இரண்டு பேரும் கொட்டச்சேடு ரோட்டில் நடந்தபோதுதான் உன் விஷயத்தைச் சொன்னாய். உனக்கு ஜெர்மனி வேலை கிடைத்ததே ஒரு கட்டுரையால். ஒரு நீள்வட்ட மண்டலத்தின் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் கோடு வலுவாக விழுந்திருந்தது. ஹைட்ரஜன் கோடு வலுவாக இருந்தால் அங்கே சூடான இளசுகள் இருக்க வேண்டும், அதாவது கிழவர்கள் மட்டுமே இருந்த வீட்டில் சமீபத்தில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்று நீ எழுதினாய். எல்லாரும் மெச்சினார்கள். அப்புறம் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக மறுபடி உட்கார்ந்து, கால்சியம் கோடுகளை வைத்துச் சரிபார்த்தபோது கதை மாறிவிட்டது. இளசு ஒன்றுமில்லை. கிழட்டு நட்சத்திரங்களிலேயே இரும்பு குறைந்த சில, வயதான காலத்தில் மேல்பகுதியை இழந்து, உள்ளே இருக்கிற சூடு வெளியே தெரிந்து, நீலமாக மின்னுமாம். தலைக்குச் சாயம் பூசின கிழவனைப் பார்த்து மாப்பிள்ளை என்று எழுதிவிட்டேன் என்று நீயே சொல்லிச் சிரித்தாய்.  உன் ஆராய்ச்சி வழிகாட்டிக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, கண்டுபிடிக்க இரண்டு மூன்று வருஷமாவது ஆகும் என்றாய். இப்போது சொன்னால் ஜெர்மனிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாய். உன்னோடு வேலை செய்கிற நந்தினி என்கிற பெண், தொலைநோக்கியிலிருந்து வந்ததைச் சுத்தம் செய்து உனக்குக் கொடுத்தவள், அவளுடைய ஆராய்ச்சியையும் அந்த முடிவின் மேலேதான் கட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் யாராவது கேட்டால், சுத்தம் செய்ததில்தான் கோளாறு என்று போய்விடும், என் பேர் பெரிதாக அடிபடாது என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று.

நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. “பேசாம போயிட்டு வா கண்ணு. போன எடத்துல கால ஊணிக்க. அப்புறம் பாத்துக்கலாம்.” நீ தலையை ஆட்டினாய். உனக்கு நிம்மதி வந்ததா, ஏமாற்றம் வந்ததா என்று எனக்கு அப்போது புரியவில்லை. உன் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குப் புரிந்தது. “ஏனுங்க, ஒளிக்கறதுக்கு வழி கேக்கோணும்னா அவன் ஏன் உங்ககிட்ட வரோணும்? வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் வந்திருக்கான்” என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பாடு மட்டும்தான் போட்டாள், பேச்சில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஊர் உலகத்தில் யாரும் செய்யாததையா சொல்லிவிட்டேன் என்று தனியாகப் பொருமிக்கொண்டிருந்தேன். அவள் மேல் வந்த கோபம் இல்லை அது என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

இனி என் கதை. நான் எஸ்டேட்டில் ரைட்டராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலேஜில் படித்தவன் என்கிற திமிர் உச்சியில் உட்கார்ந்திருந்த காலம். அங்கே ஓடைக்காடு, பாறைக்காடு என்று இரண்டு காடு பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, நடுவில் வெள்ளை அடித்த எல்லைக்கல் வரிசை. ஒன்று பழைய காப்பி, அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும். மற்றது மூன்று வருஷத்துக் கன்று, அதைத் தொடக்கூடாது. எது எது என்று இருந்த பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, மேஸ்திரியைக் கேட்டு எந்தக் காடு பழசு என்று எழுதிவை, மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் போய்விட்டார். மேஸ்திரி பேர் சடையன். கொட்டச்சேட்டுக்காரர், பரம்பரையாக மலையில் விவசாயம் பார்க்கிற குடும்பம். ஆட்களை வைத்து அந்தக் கன்றுகளை நட்டதே அவர்தான். ஆனால் அது மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா. அவர் நாலு நாள் லீவில் போயிருந்தார். நாலு நாள் பொறுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். ஒரு மேஸ்திரியைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டுமா என்று நினைத்தேன்.

முதல் நாள் மழை பெய்து அட்டை கிளம்பியிருந்தது. எனக்குப் புது ஷூ. காட்டுக்குள் இறங்காமல் பாதையில் நின்றபடியே பார்த்தேன். ஓடைக்காடு பளபளவென்று, இலை எண்ணெய் தடவின மாதிரி, துளிர் துளிராக நின்றது. பாறைக்காடு குட்டையாக, மஞ்சளித்து, தண்டெல்லாம் பாசி பிடித்துக் கிடந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பளபளப்பது இளசு, வாடினது கிழடு. பாறைக்காடு பழசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியூர் ஆட்கள் வந்து மூன்றே நாளில் பிடுங்கிக் குவித்துவிட்டார்கள். நீ எழுதின கட்டுரையும் இதுவும் ஒன்றுதான், பார்த்தாயா? ஓடைக்காடு கிழட்டுக் காடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்தண்டை விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டிவிட்டிருந்தார்கள். பழைய வேரிலிருந்து புதுத் துளிர் கிளம்பி இளசு மாதிரி நின்றது. பாறைக்காடு மூன்று வருஷத்துக் கன்று, கல் நிலத்தில் சத்தில்லாமல் மஞ்சளித்திருந்தது. ஒரே ஒரு தரம் காட்டுக்குள் இறங்கி, குனிந்து, இலையை விலக்கி அடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உன்னால் குனிய முடியாது, அவ்வளவு தூரம். எனக்கு நாலு எட்டுத்தான் இருந்தது.

குவியலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விரல் கனத்தில் வெள்ளை வெள்ளையாக இளசு வேர்.  திருவிழா முடிந்து வந்த சடையன் மேஸ்திரி அந்தக் குவியலுக்கு முன்னால் வந்து நின்றார், ஒரு கன்றை எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், என்னைப் பார்த்தார். மறுநாள் முதலாளி வந்து கத்தினார். யாருடைய வேலை இது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். “மேஸ்திரி ஊருக்குப் போறப்ப எல்லையக் காட்டிட்டுப் போனாருங்க. திருவிழா அவசரத்துல மாத்திக் காட்டிட்டாரு போலிருக்குங்க.” அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை மற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். திருவிழா என்றால் குடிதானே, குடித்துவிட்டுக் காட்டியிருப்பான் என்று எவனோ சொன்னான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷன் குடிக்கிறவரே இல்லை, அது எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாயந்தரம் அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. “ரைட்டருங்க, நாளைக்கு மலை மேல கோயிலுக்கு வாங்க. குகை வாசல்ல நான் கற்பூரம் ஏத்தறேன். எல்லைய மாத்திக் காட்டினது மேஸ்திரிதான்னு நீங்க அதை அணைச்சுச் சொல்லிட்டீங்கன்னா, நான் ஒத்துக்கறேனுங்க” என்றார். இங்கே வழக்கு முடிவது அப்படித்தான், உனக்கே தெரியும். சேர்வராயன் முன்னால் கற்பூரத்தை அணைத்துப் பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. எனக்கும் வந்திருக்காது. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? “எங்க கிறிஸ்துவ வேதத்துல அந்தச் சத்தியத்துக்கெல்லாம் எடமில்லைங்க மேஸ்திரி” என்றேன். அவரோ, ஆமாம், நீங்கள் வேதக்காரர், உங்களை அங்கே கூப்பிட்டது என் தப்பு என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கடவுளை எடுத்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டவன் உன் அப்பன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போய் நற்கருணையும் வாங்கினேன். பாவத்தைச் சொல்லாமல் அதை வாங்கியிருக்கக் கூடாது.

அவரை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கினார்கள். தனக்குக் கீழே வேலை செய்தவர்களோடு வரிசையில் நின்று கூடை தூக்கினார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கொட்டச்சேட்டுக்கே போய்விட்டார். நான் பதிவேட்டில் பாறைக்காட்டுக்கு நேராக ‘பழைய செடி, பூச்சி அரிப்பு, அகற்றப்பட்டது’ என்று எழுதினேன். அழகான கையெழுத்து. முப்பது வருஷமாக அது அப்படியே இருந்தது. நாகலூர் சந்தையில், பஸ்ஸில், அவரை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். நல்லா இருக்கீங்களா என்பார், இருக்கிறேன் என்பேன். சின்ன வயதில் பஸ் ஜன்னலோரம் உனக்கு இடம் விட்டு எழுந்து நின்ற ஒரு தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கலாம். அவர்தான்.

களத்தில் நீ குனிய முடியாது என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. நந்தினி பேரை நீ சொன்னபோது சடையன் மேஸ்திரியின் முகம்தான் முன்னால் வந்தது. அப்படியிருந்தும் பழைய வாய் பழைய பதிலைத்தான் சொன்னது. இரண்டு மாதம் என்னோடு நானே மல்லுக்கட்டிவிட்டு, போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிக் கொட்டச்சேட்டில் இறங்கினேன். அவர் வீட்டு வாசலில் சாக்கை விரித்து மிளகுக் கொத்தைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும், உடம்பு இன்னும் முறுக்காகத்தான் இருக்கிறது. மருமகள் காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பாதையில் நின்று பார்த்தது, ஷூ, முதலாளியிடம் சொன்ன பொய், வேதத்தைச் சொல்லித் தப்பித்தது, ஒன்றையும் விடவில்லை. அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், இப்போதே உங்களோடு கோயிலுக்கு வருகிறேன், நீங்கள் கற்பூரம் ஏற்றுங்கள், பொய் சொன்னது நான்தான் என்று அணைத்துச் சொல்கிறேன் என்றேன். அப்போதுதான் நின்றார்.

“சாமிக்கு அன்னிக்கே தெரியுமுங்க, ரைட்டரே. எனக்கும் தெரியும். தெரியாதவ ஒருத்திதான் இருந்தா. அவ போயி ரெண்டு வருசம் ஆச்சு.”

  அவரே வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பலா மரத்து நிழலில் ஏழு காப்பிச் செடி. அன்றைக்கு எரிப்பதற்காகக் குவித்து வைத்திருந்த கன்றுகளில் தேறும்போல் இருந்ததைப் பொறுக்கி, மழையோடு மழையாகத் தலையில் சுமந்து வந்து நட்டாராம். முக்கால்வாசி பட்டுப்போயிற்று, ஏழு பிழைத்தது. மஞ்சளாகவா இருந்தது? கரும்பச்சை இலை. கல்லிலிருந்து மண்ணுக்கு வந்ததும் தேறிக்கொண்டது. இத்தனை வருஷமும் அவர் சம்சாரம் காளியம்மாதான் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், எரு வைத்திருக்கிறாள், பழம் பறித்திருக்கிறாள். “நான் குடிக்கலைன்னு எத்தனையோ தரம் சொன்னேனுங்க. ஊரே சொல்லறப்ப அவ மட்டும் எப்படி நம்புவா? திருவிழாவுல ஒரு நாள் குடிச்சிருப்பீங்க, போகட்டும் உடுங்கன்னுவா. கடைசி வரைக்கும் இதைக் குடிகாரன் செடின்னுதான் சொன்னா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கண்ணு. செடியில் ஒரு காய்ந்த குச்சியை ஒடித்துக்கொண்டே சொன்னார். அவர் இரண்டு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பெரிய நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துப்போகும், சின்னது மட்டும் எத்தனை காலமானாலும் அணையாமல் நிற்கும், பிறந்தபோது எந்த வாயுவிலிருந்து வந்ததோ அது அப்படியே அதன் மேல் எழுதியிருக்கும் என்று களத்தில் நீ சொன்னாயே. நான் பதிவேட்டில் என்ன எழுதினாலும், பாறைக்காட்டின் வயது கொட்டச்சேட்டில் ஏழு செடியாக நின்றுகொண்டுதான் இருந்தது. உன் மண்டலமும் அப்படித்தான் நிற்கப்போகிறது. அதற்கு ஒன்றும் அவசரமில்லை. அங்கே தொட்டில் கட்டினார்களா இல்லையா என்பது நீ எழுதுவதால் மாறப்போவதில்லை, இன்றைக்கில்லாவிட்டால் இன்னும் பத்து வருஷத்தில் யாராவது குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நட்சத்திரங்களால் காத்திருக்க முடியும். மனிதர்களால் முடியாது. நான் உண்மையைச் சொன்னேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அதை யார் கேட்க வேண்டுமோ அவள் இல்லை. இரண்டே வருஷம் முந்தியிருந்தால் அந்த அம்மா தன் புருஷனைப் பார்த்து ஒரு தரமாவது சிரித்திருப்பாள். இதை நான் இனி எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாமியாரிடம் போய்ச் சொன்னாலும் ஈடுகட்ட முடியாது.

அதனால் கேள். நீ தெரியாமல் எழுதினது தப்பே இல்லை. என் தப்புகூடப் பாதையில் நின்று பார்த்ததோடு முடிந்திருந்தால், முதலாளி நாலு வசவு வைது விட்டிருப்பார், அவ்வளவுதான். நீயோ நானில்லை. யாரும் கேட்காமலே மறுபடி உட்கார்ந்து சரிபார்த்தவன் நீ. உன் வேரை நீயே பிடுங்கிப் பார்த்துவிட்டாய். பார்த்த பிறகு, எல்லையைக் காட்டினது இன்னொருத்தர் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரக்கூடாது, சும்மா இருந்து மற்றவர்களைச் சொல்ல வைக்கவும் கூடாது. முதலில் நந்தினியைக் கூப்பிட்டுச் சொல். உன் வழிகாட்டிக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்கு. அவள் திட்டினால் வாங்கிக்கொள். அப்புறம் வழிகாட்டிக்கு எழுது, ஜெர்மனிக்கும் எழுது. வேலை போகுமா என்று எனக்குத் தெரியாது. போகாது என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். போனால் வா. காப்பி பறிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறோம், உன் அம்மாவுக்கும் கேள்வி கேட்க ஆள் வேண்டும். நான் சும்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த வீட்டில் உன்னை ஒருத்தரும் எதற்காகவும் குறைவாகப் பார்க்கமாட்டோம். பார்க்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

எஸ்டேட் இப்போது கை மாறிவிட்டது. இருந்தாலும் ஆபீஸுக்குப் போய், இப்போதைய ரைட்டரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். சின்னப் பிள்ளை அவன், ஏனுங்க இப்ப இதெல்லாம் என்று தலையைச் சொறிந்தான். பாறைக்காட்டுக்கு நேராக நான் எழுதியதை அடித்துவிட்டு, மூன்று வருஷக் கன்று, ரைட்டரின் பிழையால் பிடுங்கப்பட்டது, மேஸ்திரி மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தடவை கரையான் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சடையன் மேஸ்திரியின் மகனையும் மருமகளையும் உட்கார வைத்து அவர்களுக்கும் சொல்லப் போகிறேன். உன் அம்மா தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதுதான் ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு.

கிளம்பும்போது மேஸ்திரி வெறுங்கையோடு என்னை அனுப்பவில்லை. அந்த ஏழு செடியின் கொட்டையில் ஒரு பை கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையன் எங்கே போகிறார் என்று கேட்டார். ஜெர்மனிக்கு, நட்சத்திரம் ஆராய்ச்சி செய்ய என்றேன். “அதுக்கு அவ்ளோ தூரம் போகோணுங்களா? இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்களே” என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தக் கொட்டையை உன் அம்மா நேற்று வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டிருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு வரும். நந்தினியிடம் பேசி முடித்த பிறகு பிரி. அவளுக்கும் ஒரு டம்ளர் போட்டுக் கொடு.

பொட்டலத்தின் மேல் என்ன எழுதுவது என்று உன் அம்மா கேட்டாள். அவள் கையில் இருந்த பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். ‘சடையன் மேஸ்திரி நட்டது’ என்று எழுதியிருக்கிறேன்.

உன் அப்பா